எங்கள் ஊர் ரயில் நிறுத்தப் போராட்டம்

கோபக்காரர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. நாம் கத்தும்போது நமக்குப் பின்னால் ஊரே திரண்டு நிற்கிறது என்று நினைத்துக்கொள்வோம். நிற்கிறதா என்று திரும்பிப் பார்க்க மட்டும் தோன்றாது. கோபம் ஏறினால் கழுத்து திரும்பாது. இது நான் எங்கும் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. தண்டவாளத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டது.

என் பெயர் சாந்தாமணி. (சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.) பெயர் வைத்த அப்பாவே பிற்காலத்தில், "வேற பேரு வெச்சிருக்கோணும், அவசரப்பட்டுப் போட்டேன்" என்று வருத்தப்பட்டிருக்கிறார். ரேஷன் கடை வரிசையில் நடுவில் புகுகிறவன், பஸ்ஸில் காலை மிதித்துவிட்டு நம்மையே முறைக்கிறவன், கூப்பிட்டால் 'இதோ' என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறவன், இவர்கள் எல்லாரிடமும் நான் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் ஒரு முழு ரயிலோடு சண்டை போட்டது ஒரே ஒரு தடவைதான்.

தொண்ணூறுகளில் நாங்கள் குடியிருந்த ஊர், கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற பாதையில், காரமடைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் நாலு பேர், "நாங்க அப்பிடியெல்லாம் செய்யலீங்" என்று கிளம்பி வருவார்கள். ஊர் என்றாலும் விடிந்தால் பாதி ஊர் கோயமுத்தூரில்தான் இருக்கும். மில், பட்டறை, ஜவுளிக்கடை, ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் அங்கே. நான் கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டைப்பிஸ்ட். என் வீட்டுக்காரர் நடராஜ் ஒரு மில்லில் ஸ்டோர் கீப்பர். கல்யாணமான புதிது. அவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், உப்புப் போட மறந்த உப்புமாவைத் தின்றுவிட்டு, "இதுவும் நல்லாத்தானுங் இருக்குது" என்று சொல்கிற ஆள். எனக்கு வருகிற கோபத்தில் பாதி அவருக்கு வர வேண்டிய கோபம்தான். அவர் படாததால் அதையும் சேர்த்து நான் பட வேண்டியிருந்தது.

எங்களையெல்லாம் வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது காலை பாசஞ்சர். மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டு எங்கள் ஸ்டேஷனில் நின்று, வடகோவை, கோயமுத்தூர் என்று போகும். எல்லாரிடமும் சீசன் டிக்கெட். அந்த வண்டியில் நான் பூ கட்டியிருக்கிறேன், கீரை ஆய்ந்திருக்கிறேன், டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்த மெஹருன்னிசாவோடு உட்கார்ந்து ஊரிலிருக்கிற எல்லா மாமியார்களையும் உரித்திருக்கிறேன். வடகோவையில் இறங்கினால் கம்பெனிக்கு நல்ல பிள்ளையாக மணி அடிப்பதற்கு முன்னால் போய்விடலாம்.

ஒரு நாள் டிக்கெட் கவுண்டர் ஜன்னலில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். புது கால அட்டவணைப்படி காலை பாசஞ்சரும், அதே வண்டி கோயமுத்தூரிலிருந்து திரும்பி வருவதும் இனி எங்கள் ஸ்டேஷனில் நிற்காது. வருமானம் போதவில்லையாம். அதற்குப் பதிலாக மத்தியானம் ஒரு வண்டி நிற்குமாம். மத்தியானத்தில் எங்கள் ஊரில் ரயில் ஏறக்கூடிய நிலைமையில் இருப்பவை ஆடு மாடுகள் மட்டும்தான்.

நாங்கள் நம்பவில்லை. (காகிதத்தில் எழுதியதையெல்லாம் நம்பினால் இந்த நாட்டில் பிழைக்க முடியுமா?) மறுநாள் காலையில் வழக்கம் போலப் போய் பிளாட்பாரத்தில் நின்றோம். வண்டி தூரத்தில் கூவியது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டோம். வந்தது. வந்த வேகத்திலேயே போனது. சேலைத் தலைப்பைப் பறக்கவிட்டு, கண்ணில் மண்ணை அடித்துவிட்டுப் போனது. காரமடையில் ஏறியவர்கள் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அதில் ஒருத்தர் எங்கள் வழக்கமான சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தார். எனக்கு முதல் கோபம் ரயில்வே மேல் வரவில்லை. அவர் மேல்தான் வந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரத்தின் ஓரத்தில் பச்சைக்கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாலக்காட்டுக்காரர். சாது.

"ஏனுங் சார், நிக்காத வண்டிக்கு ஒரு ஸ்டேஷன், ஒரு மாஸ்டர், ஒரு கொடி! உங்களுக்கே இது நியாயமாப் படுதுங்களா?" என்று கேட்டேன்.

"அம்மா, ஞான் என்ன செய்யறது? மேலேந்து ஆர்டர்" என்று கொடியைச் சுருட்டினார். அந்த ஸ்டேஷனில் வேகமாக நடந்த ஒரே காரியம் அதுதான்.

அன்றிலிருந்து டவுன் பஸ். மேட்டுப்பாளையம் ரோட்டில் அந்த நேரத்தில் வருகிற பஸ்ஸில் உள்ளே போவதற்கு, கொஞ்சம் உடம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பாதி நாள் நிறுத்தவே மாட்டான். நிறுத்தினாலும் நாலு கடை தள்ளி நிறுத்துவான், ஓடிப்போனால் நகர்த்துவான். நான் கம்பெனிக்குப் போய்ச் சேரும்போது மேனேஜர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். என்னைப் பார்க்க மாட்டார். தாமதமானால் அரை நாள் லீவு என்று அவரே ஒரு சட்டம் வைத்திருந்தார். அந்த மாதம் நான் முழு நாளும் வேலை செய்து, அரை நாள் ஊழியராக இருந்தேன்.

ஊரில் பயணிகள் சங்கம் ஒன்று ஆரம்பித்தார்கள். இரும்புக்கடை ரங்கசாமி அண்ணன் தலைவர். கதர்ச் சட்டை, நெற்றி நிறையத் திருமண், யாரையும் புண்படுத்தாத பேச்சு. அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான். "மனு குடுப்போமுங்க." கொடுத்தோம். எல்லா மனுவையும் நான்தான் டைப் அடித்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். அதற்கு ஒரு நினைவூட்டல் அடிப்பேன். நினைவூட்டலும் பரிசீலனையில் இருப்பதாக ஒரு பதில் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரைஸ்மில் களத்தில் சங்கக் கூட்டம். நெல் காயப்போடுகிற இடத்தில் நாங்கள் காய்ந்துகொண்டிருந்தோம். ரங்கசாமி அண்ணன், "அடுத்ததா டெல்லிக்கே ஒரு மனு அனுப்பினா என்னங்க?" என்றார். எனக்குள் ஏதோ ஒன்று பட்டென்று அறுந்தது.

எழுந்தேன். "டெல்லிக்கு அனுப்புங்க, அங்கிருந்து லண்டனுக்கு அனுப்புங்க! மனு அடிச்சடிச்சு என்ற வெரல்தான் தேஞ்சுது, வண்டி நின்னுச்சுங்களா? ஏனுங்க, நாமெல்லாம் மனுசங்களா, இல்ல லைனுக்குப் பக்கத்துல நட்டு வெச்ச கல்லுங்களா? நாளான்னிக்குக் காத்தால தண்டவாளத்துல உக்காருவோம். அப்பறம் நிக்குதா இல்லையான்னு பாத்துப்போடலாம்!"

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். களத்துப் புறாக்கள் எல்லாம் கூரையை விட்டுப் பறந்தன. மெஹருன்னிசா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாந்தா, நீ பேசினதுல எனக்குப் புல்லரிச்சே போச்சுடி" என்றாள். ரங்கசாமி அண்ணன்கூட, "அம்மணி சொல்றதுதான் ரைட்டுங்க" என்றார். அந்த வயதில் அதைவிட வேறு என்ன வேண்டும்? நான் தரையில் கால் படாமல்தான் வீட்டுக்குப் போனேன்.

வழியில் என் வீட்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "எல்லாரும் வருவாங்கங்கறயா அம்மணி?"

"எல்லாரும் கை தட்டினாங்கல்ல?"

"கை தட்டறதுக்கு லீவு போட வேண்டியதில்லீல்ல" என்றார்.

அந்த மனுஷர் வாழ்நாளில் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை அது. நான் அதற்காகவும் அவரோடு சண்டை போட்டேன்.

மறியலுக்கான திட்டம் முழுக்க என்னுடையது. (இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிறகு யார் மேலும் பழி போட முடியாமல் நான் தவித்ததற்குக் காரணம் இதுதான்.) வண்டியை ஸ்டேஷனுக்கு வெளியே, காட்டுக்குள் மறிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. "பிளாட்பாரத்தோட கோயமுத்தூர்க் கடைசியில உக்காரோணும். அப்பத்தான் வண்டி முழுக்க பிளாட்பாரத்துக்குள்ள வந்து நிக்கும். உள்ள இருக்கறவங்க அத்தனை பேரும் நம்ம கோஷத்தைக் கேக்கோணும்" என்றேன். அத்தனை பெட்டியும், அத்தனை கதவும், பிளாட்பாரத்தை ஒட்டி, ஏறுவதற்கு வாகாக நிற்கும் என்பதை என் மூளை யோசிக்கவே இல்லை. பழைய போர்வை ஒன்றில் சிவப்பு மையால் 'ரயில் நிறுத்தப் போராட்டம்' என்று எழுதினேன். ரயில் நிறுத்தம் கேட்டுப் போராட்டம் என்று அர்த்தம். ரயிலை நிறுத்துகிற போராட்டம் என்றும் படிக்கலாம். ஒரே செலவில் இரண்டு அர்த்தம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மறியல் நாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போனால் திருவிழாக் கூட்டம். எனக்கு நெஞ்சு விம்மியது. ஆனால் ஒன்று கவனித்திருக்க வேண்டும். வந்த அத்தனை பேரும் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார்கள். பெண்கள் தலை நிறையப் பூ வைத்திருந்தார்கள். எல்லார் கையிலும் டிபன் கேரியர். சிறைக்குப் போகத் தயாராக வந்தவர்கள் சாம்பார் சாதம் எதற்குக் கட்டிக்கொண்டு வந்தார்கள்? மெஹருன்னிசா ஐடி கார்டைக்கூடக் கழுத்தில் மாட்டியிருந்தாள். எனக்கு அது எதுவும் கண்ணில் படவில்லை. என் போர்வையும் கூட்டமும்தான் பட்டன.

ரங்கசாமி அண்ணன் முறைப்படி முன்னாலேயே போலீசுக்குச் சொல்லிவைத்திருந்தார். (போராட்டத்துக்கும் மனு!) அதனால் ஒரு ரயில்வே போலீஸ்காரர் பஸ் பிடித்து வந்து, வேப்பமரத்தடியில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் வேறு வழியில்லாமல் சிவப்புக் கொடியோடு வந்து நின்றார். நாங்கள் தண்டவாளத்தில் இறங்கி உட்கார்ந்தோம். முன் வரிசையில் நான். எனக்குப் பின்னால் ஊர்.

வண்டி கூவிக்கொண்டு வந்தது. மெதுவானது. இன்னும் மெதுவானது. பெருமூச்சு விட்டு எனக்கு நாலடி தூரத்தில் நின்றது. டீசல் எஞ்சினின் சூடு முகத்தில் அடித்தது. என் வாழ்க்கையில் நான் சொன்னதைக் கேட்டு நின்ற முதல் பொருள் அந்த எஞ்சின்தான்.

"நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினேன்.

"ரயிலை நிறுத்து!" என்று பின்னாலிருந்து ஊர் கத்தியது. காது அடைத்தது.

எஞ்சின் டிரைவர் தலையை நீட்டி, "நிறுத்தித்தானம்மா இருக்கேன்!" என்றார்.

"இன்னிக்கு இல்லீங்க, தெனமும் நிறுத்தோணும்!" என்று சொல்லி, அவருக்கு எங்கள் கஷ்டத்தையெல்லாம் ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். டவுன் பஸ், மேனேஜர், அரை நாள் லீவு, மத்தியான வண்டி, ஒன்றையும் விடவில்லை. நடுநடுவே ஒரு கோஷம் போடுவேன். பதில் கோஷம் வரும். இரண்டாம் தடவை வந்தபோது முதல் தடவை மாதிரி இல்லை. தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் தடவை கோயிலில் சுண்டல் தீர்ந்த பிறகு பாடுகிற பஜனை மாதிரி இருந்தது. அதற்கடுத்த தடவை நான் "நிறுத்து! நிறுத்து!" என்றபோது ரங்கசாமி அண்ணன் குரல் மட்டும், அதுவும் கொஞ்சம் தள்ளி, ஏதோ படி ஏறுகிறவரின் மூச்சிரைப்போடு, "ரயி...லை" என்றது. முடிக்கவில்லை.

டிரைவர் என்னைப் பார்க்காமல் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. அப்போதுதான் என் கழுத்து திரும்பியது.

பின்னால் யாரும் இல்லை. சரளைக்கல் இருந்தது. என் போர்வை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் அதன் கம்பைக் கல்லுக்குள் பத்திரமாகச் சொருகிவிட்டுப் போயிருந்தார்கள். பிளாட்பாரத்தில் என் ஊர் முழுவதும் அவசரம் அவசரமாகப் பெட்டிகளுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. கிழவர்களுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். டிபன் கேரியர்களை ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவு ஒற்றுமையை அந்த ஊரில் நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

"மெஹர்! எங்கடி போற?" என்று அலறினேன்.

அவள் கதவில் தொங்கிக்கொண்டே சொன்னாள். "ராத்திரி டூட்டிக்காரி எனக்காக உக்காந்துட்டு இருப்பாடி! வண்டிதான் நின்னுருச்சில்ல!"

வண்டிதான் நின்றுவிட்டதே. அவ்வளவுதான் காரணம். மாதக்கணக்காக நிற்காத வண்டி கண் முன்னால் நிற்கிறது, கையில் இன்னும் செல்லுபடியாகிற மூன்று மாத சீசன் டிக்கெட் இருக்கிறது. அவர்கள் போராட்டத்துக்குத் துரோகம் செய்யவில்லையாம். போராட்டம் வெற்றி பெற்றுவிட்டதாம். அதனால் ஏறினார்களாம்.

இதற்கு மேல்தான் உச்சம். உள்ளே உட்கார்ந்ததும் அவர்களுக்கு அவசரம் வந்துவிட்டது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நீண்டன. "ஏனுங் சாந்தாமணி, கொஞ்சம் அக்கட்டால போங்க, ஆபீசுக்கு நேரமாச்சு!" "அதான் நின்னுதல்லங்க, உட்டுப்போடுங்க!" "என்ன கெரகமுங்க இது, ஒரே ஆளு வண்டியவே நிறுத்தி வெச்சிருக்குது!" கடைசியாகச் சொன்னது எங்கள் சங்கப் பொருளாளர்.

அத்தனை தலைகளுக்கு நடுவில், மூன்றாவது பெட்டியின் ஜன்னலில், எனக்கு மிகவும் பழக்கமான ஒரு தலை தெரிந்தது. என் வீட்டுக்காரர். அவர் கத்திப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அம்மணி! சீக்கரம் ஏறிக்க! ஜன்னலோரமா உனக்கு எடம் போட்டு வெச்சிருக்கேன்!"

துண்டு போட்டு வைத்திருந்தார். துண்டை எடுத்துக் காட்டவும் செய்தார்.

அந்த நேரத்தில் ஒரு புத்தியுள்ள பெண் என்ன செய்திருப்பாள்? ஏறியிருப்பாள். நானும் ஏறியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எனக்கு வந்த கோபத்தில் கண்ணே தெரியவில்லை. எழுந்து, சேலையை உதறி, தண்டவாளத்தை விட்டு இறங்கி, கோயமுத்தூர் திசையில் கையை நீட்டினேன். "போங்க! எல்லாரும் போய்த் தொலைங்க! நான் வரமாட்டேன்!"

ஸ்டேஷன் மாஸ்டர் அதற்காகவே காத்திருந்தவர் போலச் சட்டென்று பச்சைக்கொடியைக் காட்டினார். வண்டி கிளம்பியது. என் ஊர் எனக்குக் கை ஆட்டிக்கொண்டே போனது. ரங்கசாமி அண்ணன் கும்பிட்டுக்கொண்டு போனார்.

பிளாட்பாரத்தில் மிச்சம் இருந்தது நான், ஸ்டேஷன் மாஸ்டர், போலீஸ்காரர். போலீஸ்காரர் பல் குத்துவதை நிறுத்திவிட்டு வந்தார்.

"ஏனம்மா, மறியல் கேஸு போடோணும். பெரிய ஆபீசர் கேப்பாரு. யாரு மேல போடறது?"

"என் மேல போடுங்க!"

"மத்தவங்க?"

"மத்தவங்கன்னு யாரும் இல்லீங்க. நான் மட்டுந்தான். எழுதிக்கங்க!"

அவர் எழுதப் போய், நிறுத்தி, தலையைச் சொறிந்தார். "பொம்பளைய கைது பண்றதுன்னா பொம்பள போலீஸ் வரோணுமே."

வீம்பு என்றால் என்ன என்பதை அன்றைக்கு நான் காட்டினேன். "வரச்சொல்லுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் போய் கோயமுத்தூருக்குப் போன் செய்தார். திரும்பி வந்து, "திரும்பி வர்ற பாசஞ்சர்ல லேடி ஏட்டு வருது" என்றார். எனக்கு ஒரு கிளாஸ் டீயும் வரவழைத்துக் கொடுத்தார். சூடான டீ. கோபத்தில் ருசி தெரியவில்லை, குடித்துவிட்டேன்.

பெண் ஏட்டு வருகிற வண்டி கூவியது. மூன்று பேரும் எழுந்து நின்றோம். வண்டி வந்தது. வந்த வேகத்திலேயே போனது. கதவோரத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கத் தயாராக நின்ற ஒரு காக்கிச் சேலை, எங்களைக் கடந்து போகும்போது, "யோவ்! யோவ்! நிறுத்துய்யா!" என்று கத்தியது மட்டும் காற்றில் வந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் தலையில் கை வைத்தார். "ஈ வண்டி இவிடே நில்க்கில்லன்னு போன்ல சொல்ல மறந்து போயி."

அன்று காலையிலிருந்து முதல் தடவையாக எனக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

அந்த அம்மாள் காரமடையில் இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திருந்து, பஸ் நிற்காமல் போய், அடுத்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, மெயின் ரோட்டிலிருந்து வேகாத வெயிலில் நடந்து வந்து சேர்ந்தபோது உச்சிப்பொழுது சாய்ந்திருந்தது. ஓங்குதாங்கான ஆள். வேர்வையில் சேலை நனைந்திருந்தது. வந்ததும் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனார்.

"என்ன ஸ்டேஷன்யா வெச்சு நடத்தறீங்க? ஒரு வண்டி நிக்கறதில்ல! ஒரு பஸ்சு நிக்கறதில்ல! இந்த ஊருல மனுசங்க இருக்காங்களா, இல்ல சும்மா போர்டு மட்டும் வெச்சிருக்கீங்களா?"

"அதைத்தானுங்க நான் காத்தாலிருந்து கேட்டுட்டிருக்கேன்!" என்று பெஞ்சிலிருந்து கத்தினேன்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "நீதானா அது?" பக்கத்தில் வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். "எத்தனை பேர் மறிச்சீங்க?"

"நான் ஒருத்திதானுங்க."

"ஒருத்தி எப்பிடிம்மா கூட்டமாக் கூடுவ? கூட்டமாக் கூடி மறிச்சாங்கன்னுதான் எழுதோணும். மத்தவங்க எங்க?"

"அந்த ரயில்லயே ஏறி வேலைக்குப் போயிட்டாங்க."

அவர் முகம் மாறியது. உதட்டைக் கடித்தார். தோள் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல் சிரித்தார் பாருங்கள், வேப்பமரத்தடிப் போலீஸ்காரர் ஓடி வந்துவிட்டார். "வீட்டுக்காரரு?" என்று சிரிப்புக்கு நடுவில் கேட்டார்.

"அவருந்தான்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி அதுதான் போலிருக்கிறது.

ஏட்டம்மா சிரிப்பை நிறுத்தினார். தன் கர்ச்சீப்பைக் கொடுத்தார். (அது ஏற்கெனவே நனைந்திருந்தது. பரவாயில்லை.) "போம்மா ஊட்டுக்கு. எச்சரிச்சு அனுப்பினேன்னு எழுதிக்கறேன். இனி எப்பவாச்சும் மறியலுக்கு உக்காந்தீன்னா, பின்னால இருக்கறவங்களைக் கயித்துல கட்டிப் போட்டுட்டு உக்காரு."

சாயங்காலம் என் வீட்டுக்காரர் மல்லிகைப்பூவும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பிடித்துக்கொண்டேன்.

"பொண்டாட்டியத் தண்டவாளத்துல உட்டுப்போட்டு ரயிலேறுன ஆம்பளைய நான் இந்தச் சில்லாவுலயே பாத்ததில்ல!"

"ஏறுனா நீயும் வந்துருவீன்னு நெனச்சேன் அம்மணி. நம்ம நோக்கமே வண்டிய நிறுத்தறதுதான? நின்னுச்சு. ஏறுனேன். உனக்குந்தான எடம் போட்டேன்? வடகோவை வரைக்கும் நின்னுட்டு வந்த ஒரு அம்மா கேட்டும் நான் அந்த எடத்தைக் குடுக்கலியே!"

காலி சீட்டோடு வடகோவை வரைக்கும் போயிருக்கிறார்! என் கோபம் இரண்டு மடங்காகியது. பூவை வைத்துக்கொள்ளவில்லை. பன்னைத் தின்றேன், பசி. அந்த வாரம் முழுவதும் அவரோடு பேசவில்லை. அவர் அதையும் உப்பில்லாத உப்புமா மாதிரி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் ஒருத்தர்கூட என் கண்ணைப் பார்க்கவில்லை. மெஹருன்னிசா மட்டும் பக்கத்தில் வந்து, "நீ டிரைவர்கிட்டப் பேசுனது வண்டிக்குள்ள நல்லாவே கேட்டுச்சு சாந்தா. எல்லாரும் பாராட்டுனாங்க" என்றாள். அவளை நான் என்ன செய்ய?

சில மாதங்கள் கழித்து, தேர்தல் வருகிற சமயத்தில், காலை பாசஞ்சர் மறுபடியும் எங்கள் ஸ்டேஷனில் நின்றது. எங்கள் மறியலால் நின்றதா, ஏட்டம்மா மேலே போய்ச் சண்டை போட்டாரா, ஓட்டுக்காக நின்றதா, யாருக்கும் தெரியாது. ரங்கசாமி அண்ணன் டிரைவருக்கு மாலை போட்டார், டிரைவர் அவருக்குப் போட்டார். சுவரொட்டியில் 'ஊரே திரண்டு போராடிப் பெற்ற வெற்றி' என்று போட்டிருந்தது. ஊரே! அதைப் படித்த கோபத்தில் நான் அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று சபதம் செய்தேன். ஊர் முழுக்க ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு ரயிலில் போக, அந்த ரயிலை நிறுத்தியவள் டவுன் பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போனாள். மழைக்காலம் வந்து குடையும் உடைந்த பிறகுதான் சபதம் உடைந்தது.

இப்போது நாங்கள் சரவணம்பட்டியில் இருக்கிறோம். ரயில் இல்லை, கார் இருக்கிறது. எங்கள் வீட்டில் எந்த வண்டியைக் கிளப்புவதற்கு முன்னாலும் யாராவது ஒருத்தர், "அம்மா ஏறியாச்சா?" என்று கேட்டாக வேண்டும். நான் முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாலும் கேட்பார்கள். போன வருஷம் மகள் கல்யாணத்தில், காங்கேயத்துக்கு மறுவீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாம் ஏறி உட்கார்ந்த பிறகு, என் வீட்டுக்காரர் படியில் நின்று, "சாந்தாமணி ஏறியாச்சா?" என்று குரல் கொடுத்தார். சம்பந்தியம்மாள் அது என்ன என்று கேட்க, அவர் காங்கேயம் வரைக்கும் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொல்கிற கதையில் ஜன்னலோர சீட்டுதான் கதாநாயகன். பஸ்ஸே விழுந்து விழுந்து சிரித்தது. மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தை, நானா இருந்தா ஏறியிருக்க மாட்டேனுங்க" என்றார். பக்கத்தில் இருந்த என் மகள், "நீங்க மொத ஆளா ஏறியிருப்பீங்க" என்றாள். என் ரத்தம்.

நான் அன்றைக்கும் சிரிக்கவில்லை. இன்றைக்கும் சிரிப்பதில்லை. ஆனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். "அம்மா ஏறியாச்சா?" என்று முதல் தடவை கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன். இரண்டாம் தடவையும் பதில் கிடையாது. என் வீட்டுக்காரர் தானே திரும்பி, என் முகத்தைப் பார்த்து, "அம்மணி, ஏறியாச்சுங்களா?" என்று கேட்ட பிறகுதான் ஏறிவிட்டேன் என்பேன். அதுவரைக்கும் வண்டி நிற்கட்டும்.